மொட்டை மாடியின் எட்டு அங்குலம்

மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லியைக் கொட்டி இடித்து, தட்டோடு பதித்து முடிக்கும் தட்டைக் கூரை. இதைக் கட்டைக்குத்து என்றும் சொல்வார்கள். இப்படித் தளம் போட்ட வீட்டுக்கு ஊர்ப்புறத்தில் மச்சு வீடு, மெத்தை வீடு என்று பெயர். சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் தெருக்களிலும், புதுச்சேரியிலும், காவிரிக்கரை ஊர்களிலும், செட்டிநாட்டிலும் 1940க்கு முன் எழுந்த பல வீடுகளின் தலைமேல் இருப்பது இதுதான். அடியிலிருந்து மேல்வரை அளந்தால் ஏறக்குறைய எட்டு அங்குலம் வரும். பழைய வீட்டின் மின்செலவை எப்படிக் குறைப்பது என்ற இன்றைய கேள்வி பெரும்பாலும் இந்த எட்டு அங்குலத்தில்தான் வந்து நிற்கிறது.

அதற்குக் காரணம் சூரியன் நிற்கும் இடம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது; கன்னியாகுமரி 8 பாகையில். ஆண்டில் இரண்டு நாட்கள் இங்கே நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சென்னையில் அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வரும். அன்று நட்ட கம்பத்துக்கு நிழல் விழாது. நெடுநல்வாடை அரண்மனைக்கு மனை வகுப்பதைச் சொல்லுமிடத்தில் இந்த நிழல் சாயாத நண்பகலையே குறிக்கிறது. உரைகாரர்கள் அதைச் சித்திரை மாதத்து நண்பகல் என்று விளக்கினார்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை வெயில் சுவரில் சாய்வாகவும் கூரையில் செங்குத்தாகவும் இறங்குகிறது. குளிர்நாட்டு வீடு சுவரையும் சன்னலையும் மூடி வெப்பத்தைக் காக்கப் பார்க்கும். தமிழ்நாட்டு வீடு கூரையில் வெயிலோடு மல்லுக்கு நிற்கும். பழைய வீட்டைச் சீர்படுத்த அயல்நாட்டு அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்வோர் முதலில் சறுக்கும் இடம் இது.

கட்டைக்குத்துக்கு முன்பும், அது பரவிய பின்பும், பெரும்பாலான மக்கள் குடியிருந்தது கீற்றுக்கும் பனையோலைக்கும் நாட்டு ஓட்டுக்கும் கீழேதான். கீற்றுக் கூரையில் வெப்பத்தைத் தேக்கி வைக்கக் கனமான பொருள் எதுவும் இல்லை. ஓலைகளுக்கிடையே அடைபட்ட காற்றே காப்பு. அந்தி சாய்ந்தால் கூரை ஆறிவிடும். நாட்டு ஓட்டில் அரைக்குழாய் வடிவ ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அவற்றின் இடுக்குகள் வழியே மேலெழும் வெப்பக் காற்று வெளியேறும். ஓட்டுக் கூரைக்கும் கூடத்துக்கும் நடுவே பலகை பாவி ஒரு மச்சு அமைத்தால், நெல்லுக்கும் பாத்திரத்துக்கும் இடம் கிடைத்ததோடு, கூரையின் சூடு நேரே கீழே இறங்காமலும் நின்றது. 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த கியார்க் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அச்சு ஓடு மேற்குக் கரையிலிருந்து தமிழகத்துக்கும் வந்தது. அது எடை குறைந்தது, மழைக்கு நன்றாகத் தாங்கும், ஆண்டுதோறும் ஓடு மாற்றும் வேலையும் மிச்சம். மெல்லியது என்பதால் மச்சு இல்லாத வீட்டில் அதன் சூடு உடனே தலையில் இறங்கும்.

வீட்டைப் பருவத்துக்குப் பருவம் மாற்றிப் புழங்குவதும் பழைய வழக்கம். சிலப்பதிகாரம் வேனிற்பள்ளி என்றும் கூதிர்ப்பள்ளி என்றும் கோடைக்கும் குளிருக்கும் தனித்தனிப் படுக்கையிடங்களைப் பேசுகிறது. சன்னலுக்கு அந்தக் காப்பியத்தில் வரும் பெயர்களில் ஒன்று காலதர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெளிச்சத்தை வைத்தல்ல, காற்றை வைத்தே சன்னலுக்குப் பெயரிட்ட மொழி இது. திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், கூடம், கொல்லை என்று வரிசையாகச் செல்லும் தஞ்சைப் பக்கத்து வீட்டில் வாசற்கதவும் கொல்லைக்கதவும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருக்கும். முற்றத்துக் காற்று சூடாகி மேலே போகப் போக, நிழலில் கிடந்த திண்ணைக் காற்றும் கொல்லைக் காற்றும் உள்ளே நகரும்.

இந்த வீட்டுக்கு மேல் தட்டையாக ஒரு தளம் போட வேண்டுமென்றால் மரம், செங்கல், சுண்ணாம்பு மூன்றும் தரமாகக் கிடைக்க வேண்டும். மரம் பர்மாவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ரங்கூனிலும் மவுல்மெயினிலும் ஏற்றிய தேக்கு வங்கக் கடலைக் கடந்து சோழமண்டலக் கரையில் இறங்கியது. அங்கே தொழில் நடத்திய நகரத்தார் செட்டிநாட்டில் தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகளை அந்தத் தேக்கால் நிரப்பினார்கள். சுண்ணாம்பு பல இடங்களில் கிளிஞ்சலைச் சுட்டுக் கிடைத்தது. சென்னைக்கு அருகே பழவேற்காட்டு ஏரியும் எண்ணூர் உப்பங்கழியும் கிளிஞ்சல் தந்தன. செங்கல் சுவர்க் கல்லைவிட மிகச் சிறியது: ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓரங்குலத் தடிமன்.

வேலை நடந்த முறை இது. சுவருக்குச் சுவர், ஒன்றரை அடிக்குள்ளான இடைவெளியில் தேக்குக் கட்டைகள் பதியும். அந்த ஓரங்குலக் கற்களைச் சாந்தில் தோய்த்து, குத்துவாட்டில் நிறுத்தி, கட்டைகளுக்கு மூலைவாட்டாக ஒரு மூலையிலிருந்து கொத்தனார் அடுக்கிக்கொண்டு போவார். கீழே பலகையோ சாரமோ முட்டாகத் தேவையில்லை. சாந்து இறுகப் பிடிக்கப் பிடிக்க ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது இறுகியதும் நான்கு அங்குல உயரத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்து பரப்புவார்கள். சாந்து, காளை சுற்றி இழுக்கும் கல் செக்கில் அரைபட்டு வரும்.

அடுத்தது இடிக்கும் வேலை. சித்தாள்கள், பெரும்பாலும் பெண்கள், வரிசையாகக் குந்தி உட்கார்ந்து கையடக்கமான மரக்கட்டையால் தளத்தைத் தட்டிக்கொண்டே நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரையோ சுண்ணாம்புத் தண்ணீரையோ இடையிடையே தெளிப்பார்கள். மூன்று நாள், சில இடங்களில் அதற்கும் மேல், இந்தத் தட்டு ஓயாது. தாளம் தப்பாமலிருக்கப் பாட்டு துணை வரும். நான்கு அங்குலம் மூன்று அங்குலமாக ஒடுங்கும். தொடக்கத்தில் கட்டை பட்டால் மொத்தென்று அமுங்கும். முடிவில் கட்டை எகிறித் திரும்பும், ஓசையும் கணீரென்று மாறும். அப்போதுதான் நிறுத்துவார்கள். அதன்மேல் தட்டோடு இரண்டு மூன்று வரிசை, ஒரு வரிசையின் இணைப்பு அடுத்ததன் இணைப்பின்மேல் விழாதபடி பதியும். கடைசியில் சுண்ணாம்புப் பூச்சு. செங்கல் மூன்று அங்குலம், ஜல்லித்தளம் மூன்று, தட்டோடு இரண்டு என எட்டு அங்குலம் நிறைகிறது.

பழைய வீடு இடிபடும் தெருவில் நின்று பார்த்தால் இந்த அடுக்குகள் வெட்டுமுகத்தில் தெளிவாகத் தெரியும். அடியில் கறுத்த கட்டை, அதன்மேல் சாய்ந்து நிற்கும் மெல்லிய செங்கற்களின் வரிசை, மேலே வெள்ளையும் சிவப்பும் விரவிய ஜல்லி, உச்சியில் காவி நிறக் கோடுகளாகத் தட்டோடு. ஜல்லித்தளத்தை உற்றுப் பார்த்தால் நுண்ணிய துளைகள் தென்படும். அந்தத் துளைகளில் நிற்கும் காற்றும், சுட்ட மண்ணின் இயல்பும் வெப்பம் இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் மட்டும் இருக்கும் வீட்டோடு ஒப்பிட்டால், இந்த எட்டு அங்குலத்தின் வழியே வெப்பம் ஏறக்குறையப் பாதி அளவே இறங்கும். வெயில் உச்சத்துக்கும் அறையின் கூரை அடிப்பக்கம் சூடேறும் வேளைக்கும் நடுவே ஐந்தாறு மணி நேரம் கழிந்துவிடும். கான்கிரீட்டில் அது மூன்று மணி அளவுக்குச் சுருங்குகிறது.

அந்த ஐந்தாறு மணி நேரத்தை வைத்தே அக்கால வீட்டின் நாள்முறை அமைந்திருந்தது என்பதைக் கட்டட நூல்கள் அதிகம் சொல்வதில்லை. பகல் ஒரு மணி வெயிலின் சூடு மாலை ஆறு ஏழு மணிக்குத்தான் உள்ளறைக்கு வந்து சேரும். பகல் முழுவதும் கூடமும் உள்ளும் குளுமையாக இருக்கும். சமையல், தூக்கம், கணக்குப் பார்ப்பது எல்லாம் அங்கே. அந்தி சாய்ந்ததும் வீட்டார் திண்ணைக்கும் முற்றத்துக்கும் வந்துவிடுவார்கள். மொட்டை மாடியில் நான்கு குடம் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து அங்கேயே படுப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் மட்டப்பா என்று சொல்லும் அந்த இடம் கோடை இரவில் குடும்பம் முழுவதற்கும் படுக்கையறை. கூரை தன் சூட்டை ஆளில்லாத அறைக்குள் இறக்கி, விடிவதற்குள் ஆறி, அடுத்த நாளுக்குத் தயாராகிவிடும். கூரையும் குடும்பமும் ஒன்றோடொன்று ஒத்துப்போன ஏற்பாடு அது. படுக்கையறைக்குள் கதவடைத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு ஏசியைப் போடும் இன்றைய வழக்கம் இதற்கு நேர் எதிர். கூரையின் சூடு வந்து சேரும் அதே வேளையில், அந்தச் சூட்டையும் சேர்த்து வெளியேற்றும் வேலை இயந்திரத்தின் தலையில் விழுகிறது.

வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள் இதே கூரையை எடுத்துக்கொண்டு, சுற்றிலும் தூண்களும் வராந்தாவும் சேர்த்தன. கோடையில் மேற்குக் காற்று வீசும் திசையில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு, தண்ணீர் ஊற்ற ஆள் வைத்தார்கள். காற்று காய்ந்திருந்தால் நீர் ஆவியாகும்போது தட்டி நன்றாகக் குளிர்விக்கும். கடற்காற்று நுழைந்து புழுக்கம் ஏறிவிட்டால் அதனால் பெரிய பயன் இல்லை. அறைக்குள் பங்கா இழுக்கவும் ஆள் இருந்தது. அந்த வீட்டின் குளுமைக்குப் பின்னால் கூலி குறைந்த மனித உழைப்பு நாள் முழுவதும் நின்றது என்பதை மறைத்துவிட்டு அதன் அழகைப் பேசுவது சரியாகாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு மின்சாரம் வந்ததும் பங்கா இழுப்பவரின் இடத்தை மின்விசிறி பிடித்தது.

சிமெண்ட் அதே காலத்தில்தான் வந்தது. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்தது, அது நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் வெற்றிகரமாகத் தொடங்கிய தொழில் பிறகு தமிழகத்தில் வேரூன்றியது: 1934இல் கோவைக்கு அருகே மதுக்கரை, 1939இல் டால்மியாபுரம், 1949இல் நெல்லைக்கு அருகே தாழையூத்து. இடையில் 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா தேக்கு நின்றது. போருக்குப் பிறகு தேக்கின் விலை சாதாரண வீட்டுக்காரருக்கு எட்டாமல் போனது. கான்கிரீட்டுக்குத் தேக்கு வேண்டாம், மூன்று நாள் இடிக்கும் ஆட்களும் வேண்டாம். முட்டு கொடுத்து, கம்பி கட்டி, ஒரே நாளில் தளம் ஒட்டிவிடலாம். பத்திருபது ஆண்டுகளுக்குள் ஒரு தலைமுறைக் கொத்தனார்களுக்குக் கட்டைக்குத்து வேலையே கிடைக்காமல் போயிற்று.

ஆனால் பழைய கூரை முழுவதும் மறைந்துவிடவில்லை. கான்கிரீட் தளத்தின்மேல் மூன்று அங்குலத்துக்குச் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து பரப்பி, இடித்து, அதன்மேல் தட்டோடு பதிக்கும் வழக்கம் தமிழகத்தில் நின்றது. பொறியாளர்கள் இதை வெதரிங் கோர்ஸ் என்பார்கள். வீட்டுக்காரர்களின் பேச்சில் இது சுர்க்கி. செங்கல் பொடிக்கு வடக்கே வழங்கும் பெயர் இங்கே தளத்துக்கே ஆகிவந்தது. உண்மையில் இது மெட்ராஸ் டெரஸின் மேற்பாதிதான். அடியில் இருந்த கட்டையும் செங்கல்லும் போய், அந்த இடத்தில் கான்கிரீட் வந்திருக்கிறது. 1960களிலும் 1970களிலும் கட்டிய பல வீடுகள் இன்றும் ஓரளவு தாங்குவதற்குச் சுர்க்கியே காரணம். பிறகு ஜல்லியின் உயரம் குறைந்தது, சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் வந்தது, இடிப்பது நின்றது. இப்போது பல வீடுகளில் கான்கிரீட்டின்மேல் சிமெண்ட் பூச்சு மட்டுமே இருக்கிறது. சென்னையில் 2003 மே 31 அன்று வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அத்தகைய நாட்களில் காப்பில்லாத தளத்தைக் காலால் தொடவும் முடியாது.

பழைய வீடுகளுக்கு நேர்ந்தவை வேறு வகை. முற்றத்தில் திருடன் இறங்குவானென்று முதலில் கம்பி போட்டார்கள். பிறகு மழைச் சாரலுக்காகக் கம்பியின்மேல் பிளாஸ்டிக் தகடு. அதோடு வெப்பக் காற்று வெளியேறும் வழி அடைபட்டு, முற்றம் ஒரு கண்ணாடிப் பெட்டி போலச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது. பதினான்கு அடி உயரக் கூடத்தில் பொய்க்கூரை தாழ்ந்தது. கட்டைகளின் முனை அரிப்பதைப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. இவற்றைவிடக் கேடு விளைத்தது ஒழுகலுக்குச் செய்த வைத்தியம். தட்டோட்டின் இணைப்பு விட்டு நீர் கசிந்தபோது, சுண்ணாம்புப் பூச்சைச் சரிசெய்வதற்குப் பதில் மேலே மூன்று அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் கொட்டினார்கள். அது சதுர மீட்டருக்கு 180 கிலோ கூடுதல் சுமை. சுண்ணாம்பு நீரை உள்வாங்கி மெல்ல ஆவியாக விடும் பொருள். சிமெண்ட் மூடி அந்த ஆவியை அடைத்துவிடும். ஈரம் கீழ்நோக்கி இறங்கி, சுவருக்குள் பதிந்த தேக்கு முனைகளை இற்றுப்போகச் செய்தது. ஈரமான கூரை வெப்பத்தை அதிகமாகக் கடத்தும் என்பதால் வீடு ஒழுகியதோடு புழுங்கவும் செய்தது. கூரையிலும் கைப்பிடிச் சுவரிலும் முளைத்த அரசஞ்செடியின் வேர் மீதி வேலையைப் பார்த்தது. புதுச்சேரிக் கடற்கரையில் 1870களின் தொடக்கத்தில் எழுந்த மேரி என்ற நகராட்சிக் கட்டடம், நெடுங்காலம் பராமரிப்பில்லாமல் நின்று, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதன் பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள்.

அதே 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. வீட்டின் வெப்பத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் சட்டப் பார்வையும் இதையொட்டிய ஆண்டுகளில் வந்தது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தால் பிறந்த எரிசக்தித் திறன் அமைப்பு, 2018இல் குடியிருப்புகளுக்கென ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு அது வைத்த உச்சவரம்பு, ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் விடும். மெட்ராஸ் டெரஸும் ஏறக்குறைய இரண்டு வாட் விடும். அதுவும் இந்த வரம்புக்குள் வராது. பழைய கூரை என்றாலே போதுமானது என்று எண்ணுவது தவறு. அது கடத்தலைக் குறைத்தது, காலத்தைத் தள்ளிப்போட்டது. மீதியை உயரமான கூடமும் முற்றமும் வெளியில் படுக்கும் வழக்கமும் பார்த்துக்கொண்டன. அந்தத் துணைகள் போய்விட்ட வீட்டில் கூரைக்குக் கூடுதல் உதவி வேண்டும்.

அந்த உதவிக்கு ஒரு வரிசை உண்டு. அதை மாற்றினால் பணம் வீணாகும். முதலில் நீர். செடிகளை வேரோடு எடுத்து, மழைநீர்த் தூம்புகளைத் திறந்து, மேலே கொட்டிய கான்கிரீட் மூடியைத் தளம் அதிராமல் கையால் பெயர்த்தெடுத்து, இற்றுப்போன கட்டை முனைகளை மாற்றி, தட்டோட்டின் இணைப்புகளைச் சுண்ணாம்பாலேயே அடைக்க வேண்டும். இரண்டாவது வெள்ளை. வெளுத்த பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்; காவி ஓடும் கறுத்த சிமெண்டும் அதை விழுங்கிக்கொள்ளும். ஈரத்தை அடைக்காத சுண்ணாம்பு வெள்ளையே கட்டைக்குத்துக் கூரைக்கு ஏற்றது. ஆண்டுக்கொருமுறை பங்குனிக்குள் அடித்துவிட்டால் கோடை முழுவதும் வேலை செய்யும். கான்கிரீட் வீட்டுக்கு வெயிலைத் திருப்பும் பெயிண்டும் வெள்ளை டைல்ஸும் பொருந்தும். மூன்றாவது நிழல். மாடியில் கீற்றுப் பந்தல் போட்டால் வெயில் தளத்தையே தொடாது, தளத்துக்கும் பந்தலுக்கும் நடுவே காற்றும் ஓடும்.

முற்றத்தின் தகட்டை எடுக்க மனமில்லாதவர்கள், நான்கு பக்கமும் ஓரடி இடைவெளி விட்டு அதை உயர்த்திக் கட்டினாலே வெப்பக் காற்றுக்கு வழி கிடைக்கும். மழை உள்ளே வராது, கம்பியும் அப்படியே இருக்கலாம். கோடையில் சன்னல்களைக் காலை எட்டு மணிக்குள் சாத்தி, இரவில் திறந்து வைக்கும் பாட்டிமார்களின் பழக்கம் கனமான சுவருள்ள வீட்டுக்குச் சரியான கணக்கு. கடற்கரை ஊரில் பிற்பகல் கடற்காற்று எழுந்ததும் கிழக்குச் சன்னலை மட்டும் முன்னதாகத் திறப்பார்கள்.

சாதனங்களின் முறை இதற்குப் பிறகுதான். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் வைத்தது 28 முதல் 35 வாட்டில் அதே காற்றைத் தரும். உயர்ந்த கூரையில் ஒட்டிக்கொண்டு சுற்றும் விசிறியைக் கம்பி நீட்டி, தரையிலிருந்து எட்டு ஒன்பது அடி உயரத்துக்கு இறக்கினால் ஆள் இருக்கும் இடத்தில் காற்று படும். 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட் எல்இடி செய்கிறது. அந்த அளவுக்கு அறையில் சூடும் குறைகிறது. 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி இருக்கிறது. கூரை காய்ந்து வெளுத்து நிழலில் கிடக்கும் வீட்டில் விசிறியும் சுற்றினால் 26 டிகிரியே போதும். ஏசியும் சிறியதாக வாங்கலாம். கூரையைத் தொடாமல் ஏசியை மட்டும் மாற்றியவர், தளத்தில் இறங்கும் வெயிலுக்கே மாதாமாதம் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருப்பார்.